நான் தொலைத்த ஐந்து குட்டிகள்

ஆப்பிரிக்காவில் ஐந்து நாய்க்குட்டிகளைத் தொலைத்தவள் நான். அதற்காக ஆப்பிரிக்கா வரைக்கும் போகவில்லை. கொல்கத்தாவில், ஜாதவ்பூரில், எங்கள் வீட்டு சோபாவில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு, கடுகெண்ணெய் பிசறிய பொரியை மென்றபடியே தொலைத்தேன்.

எண்ணத் தெரியாத கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் அம்மை போட்டிருந்தது. ஆனால் எண்ணிக்கையில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது கல்யாணப் பந்தியை வாசலில் நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, எத்தனை இலை போட்டிருக்கிறது, அதில் எத்தனை பேர் இரண்டாம் தடவையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். (ஒருமுறை அப்படிப் பிடிபட்டவர் என் வீட்டுக்காரர். பாயசத்துக்காக வந்தாராம்.) ஆகவே நடந்தது அறியாமையால் நடக்கவில்லை. நன்றாக அறிந்து, யோசித்து, என் கெட்டிக்காரத்தனத்தால் நடந்தது. அதுதான் கேவலம்.

என் மகன் செந்தில் கட்டிக்கொண்டிருப்பது வங்காளிப் பெண், மௌஷுமி. என்னை 'மா' என்பாள். 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். அவர்கள் பாஷையில் பெற்ற தாயிடம் அப்படித்தான் பேசுவார்களாம். கல்யாணமான புதிதில் "மா, நீ சாப்பிட்டியா?" என்று அவள் கேட்டபோது எனக்குச் சோறே இறங்கவில்லை. இப்போது அவள் 'நீங்க' என்று சொன்னால்தான் பயம். ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

அவளுடைய வேலை நாய் பார்ப்பது. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். நாய் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு கீழ்வீட்டு ஷீலா தன் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உண்மையில் அவள் பார்ப்பது ஆப்பிரிக்காக் காட்டு நாய்களை. எந்த நாடு என்று சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. அங்கே ஒரு வளைக்கு முன்னால் மரத்தில் கேமரா கட்டியிருக்கிறார்கள். அதில் நடப்பது அப்படியே எங்கள் வீட்டு டிவியில் தெரியும். அவர்களுக்கு விடியும்போது நமக்கு ஒன்பதரை மணி. காலை இரண்டு மணி நேரம் அதைப் பார்த்து, எத்தனை பெரிய நாய் வந்தது, எத்தனை குட்டி வெளியே வந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். படத்தை அங்கே பிடித்து வைத்துக்கொள்ள வசதி கிடையாது. பார்க்கிறவர் சொல்வதுதான் கணக்கு. சாயங்காலம் வெளிச்சம் போதாது என்பதால் மௌஷுமி சொன்ன எண்ணிக்கைதான் முடிந்த முடிவு.

இந்த வேலைக்காக அவள் நாலு வருஷம் காத்திருந்தாள். விலங்குப் படிப்பு படித்தவளுக்கு யாரும் வேலை தரவில்லை. கடைசியில் இவர்கள் ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆறாவது மாதத்தில்தான் கொசு அவளைக் கடித்தது. டெங்கு.

காய்ச்சலைவிடக் கண் வலி பெரிதாக இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்தாலே அலறினாள். ஜன்னலுக்கெல்லாம் என் பழைய புடவைகளைக் கட்டி அறையை இருட்டாக்கினோம்.

"லீவு போடேன்டி" என்றேன்.

"மா, குட்டிங்க வெளியே வந்து ஒரு நாள்தான் ஆகுது. பதினொண்ணு! நேத்துதான் எண்ணி எழுதினேன். இப்போ நான் படுத்தா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நீ பாரேன் மா. பார்த்து எனக்குச் சொல்லு. நான் போன்ல கண்ணை மூடிட்டே பேசி அனுப்பிடறேன்."

"எனக்கென்ன தெரியும்?"

"எண்ணத் தெரியுமில்ல?"

சீண்டிவிட்டாள். மறுநாள் ஒன்பதரைக்குக் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பொரிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அழகான ஜாதி. ஹோலிக்கு மறுநாள் நம் தெரு நாய்கள் இருக்குமே, அதுமாதிரி கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வாரி இறைத்த உடம்பு. பொரிக்காத அப்பளம் மாதிரி வட்டக் காது. குலைக்காது; குருவி மாதிரி கீச்சுகீச்சென்று பேசும். வேட்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லாம் ஒன்றையொன்று முகர்ந்து, வாலை ஆட்டி, கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஒரே விசாரிப்பு. அப்புறம் ஒன்று தும்மியது. இன்னொன்று தும்மியது. பிறகு கூட்டமே தும்மியது.

"ஐயையோ, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கடா!" என்று கத்திவிட்டேன். எங்கள் வீட்டில் வெளியே கிளம்பும்போது யாராவது தும்மினால் செருப்பைக் கழற்ற வைத்துவிடுவேன்; செந்தில் அதில் இரண்டு ரயிலை விட்டிருக்கிறான்.

உள்ளே இருந்து மௌஷுமியின் குரல் வந்தது. "மா, அது அவங்க ஓட்டு. நிறையப் பேர் தும்மினாத்தான் கிளம்புவாங்க."

விளங்குமா? ஆனால் போன காரியம் பலித்துத்தான் வந்தார்கள். முகமெல்லாம் ரத்தம். வளை வாசலில் நின்று ஏதோ குரல் கொடுக்க, குட்டிகள் உருண்டு வந்தன. பெரிய நாய்கள் தின்ற கறியையெல்லாம் அவற்றுக்கு முன்னால் வாந்தியெடுத்துப் போட்டன. நான் பொரிக் கிண்ணத்தைத் தூரத் தள்ளிவிட்டுப் போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தபோது மனசு மாறிவிட்டது. குட்டிகள் தின்று முடிக்கும்வரை அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட வாயை வைக்கவில்லை. வேட்டைக்குப் போகாமல் குட்டிகளுக்குக் காவலிருந்த ஒரு கிழிந்த காதுக்காரனுக்கும் பங்கு கொடுத்தார்கள். (எங்கள் சொந்தத்தில் வீட்டுக் காவலுக்கு இருந்தவனுக்குப் பந்தியில் கடைசியில்தான் இலை.) அவனுக்கு மாமன் என்று பேர் வைத்தேன்.

"எத்தனை குட்டி மா?" என்றாள் மௌஷுமி.

பதினொன்றும் கண் முன்னால் நின்றன. வாயைத் திறந்தேன். வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை எண்ண மாட்டார்கள். எண்ணினாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். ஏழு பெற்ற என் மாமியாரிடம் ஒருதடவை ஆள் கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, "ஏதோ ரெண்டு கெடக்கு" என்றார். அவருக்குப் பின்னால் ஏழும் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி வளர்ந்த வாய் என்னுடையது. இங்கேயோ நான் சொல்வது ஒரு ஆபீஸ் முழுக்கப் படிக்கப்போகிறது. எத்தனை கண்! ஈன்ற தாய் அங்கே மூச்சிரைக்கப் படுத்திருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அவள் பிள்ளைகளை ஊருக்கு எண்ணிச் சொல்வதா?

"பத்து" என்றேன். ஒன்றை மறைத்து வைத்ததில் மனசு லேசாகிவிட்டது. எழுந்துபோய்க் கண்மையைத் தொட்டு டிவியின் ஓரத்தில் ஒரு பொட்டும் வைத்தேன்.

மறுநாள் குட்டிகள் இன்னும் கொழுத்திருந்தன. வயிறு ஒவ்வொன்றும் தவில் மாதிரி. கொழுத்த பிள்ளைக்குத்தானே கண் சீக்கிரம் படும்? ஒன்பது என்றேன். அதற்கு மறுநாள் எட்டு. குட்டிகள் பெருக்கப் பெருக்க நான் கணக்கை இளைக்க வைத்தேன்.

"மா, நிஜமாவே எட்டுதானா? தினம் ஒண்ணு குறையுதே?"

"உள்ளே தூங்குதோ என்னவோ. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். குட்டிகளுக்காக அழுகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிளகு ரசம் காரம் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் மிளகைக் குறைத்தேன். கூடவே குட்டியையும் குறைத்தேன், ஏழு. ஐந்தாம் நாள் ஆறு என்று சொல்லிவிட்டு, நம் தயவில் பதினொன்றும் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பெருமையாகத் தூங்கினேன்.

ஆறாம் நாள் காலை சரியான மழை. தெருவில் முழங்கால் தண்ணீர் என்பதால் செந்தில் ஆபீசுக்குப் போகவில்லை. கட்டடத்தில் யாருமே போகவில்லை. நாய்கள் தும்மிவிட்டு வேட்டைக்குப் போயிருந்தன. குட்டிகள் மாமனின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. திடீரென்று மாமன் விறைத்து நின்று உறுமினான். குட்டிகள் வளைக்குள் பாய்ந்தன. புல்லுக்குள் ஒரு ஆள். தரையோடு தரையாக, கையில் நீளக் கம்போடு, வளையை நோக்கித் தவழ்ந்து வருகிறான்!

பிள்ளை பிடிக்கிறவன்!

ஆபத்துக்குக் கத்தும்போது எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர்ப் பாஷையில் கத்த வேண்டும். இது ஹவுராவில் கற்ற பாடம். "சோர்! சோர்!" என்று வீடு அதிரக் கத்தினேன். வங்காளத்தில் திருடனுக்கு அதுதான் பேர். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு இந்த ஊரில் ஒருத்தரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கீழ்வீட்டு ஷீலா துடைப்பத்தோடு வந்தாள். அவள் புருஷன் குடையோடு வந்தார். வாட்ச்மேன் மூங்கில் கழியோடு மூன்று மாடி ஏறி வந்தான். செந்தில் வாயில் டூத் பிரஷ்ஷும் லுங்கியுமாக ஓடிவந்தான்.

"மாஷிமா, கோதாய்? சித்தி, எங்கே, எங்கே?" என்று ஷீலா துடைப்பத்தை ஓங்கினாள்.

நான் டிவியைக் காட்டினேன்.

"எங்கே மாஷிமா?"

"ஆப்பிரிக்காவுல" என்றேன்.

வாட்ச்மேன் கழியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

ஆனால் மௌஷுமி சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தவள், டிவியை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து அங்கே இருக்கும் பெரிய மேடத்தைக் கூப்பிட்டாள். வெள்ளை முடி வைத்த மேடம் திரையில் வந்து ஏதோ சொன்னார். மௌஷுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மா, அவன் திருடன் இல்லை. அவங்க ஆளு, ஜோசப். நாம தினம் ஒரு குட்டி குறையுதுன்னு எழுதினோமில்ல? வளைக்குள்ள பாம்போ சிறுத்தையோ பூந்திருக்குன்னு பயந்துட்டாங்க. கம்பு நுனியில கேமரா வெச்சு உள்ள பார்க்க அனுப்பியிருக்காங்க. வளைப் பக்கம் மனுஷங்க போகவே கூடாது மா. குட்டிங்க பொறந்ததுக்கு அப்புறம் யாரும் போனதில்ல. நாம எழுதினதாலதான் போனான்."

அதற்குள் டிவியில் பெரிய நாய்கள் திரும்பி வந்துவிட்டன. ஜோசப் எப்போதோ தூரத்துப் புதருக்குள் போய்விட்டார். நாய்கள் வளை வாசலை முகர்ந்தன. முகர முகர அவற்றின் கீச்சுச் சத்தம் மாறியது. ஒருத்தரும் கறியைக் கக்கவில்லை.

"இனிமே இங்க இருக்க மாட்டாங்க" என்றாள் மௌஷுமி. "குட்டிங்களைத் தூக்கிட்டு வேற இடம் போயிடுவாங்க. கேமரா இங்கேயே இருக்கும். நான் வெறும் குழியைப் பார்த்துட்டு இருப்பேன். அதுக்கு யாரு மா என்னை வேலைக்கு வெச்சுப்பாங்க?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மா, நீங்க உண்மையைச் சொல்லுங்க. எத்தனை பார்த்தீங்க?"

நீங்க என்றுவிட்டாள்.

"நிறைய இருக்கு" என்றேன்.

"நிறையன்னா?" என்றான் செந்தில்.

"இருக்க வேண்டியது இருக்கு."

"அம்மா, மேடம் காத்திட்டு இருக்காங்க. ஒரு நம்பர் சொல்லு."

ஷீலா, அவள் புருஷன், வாட்ச்மேன், திரையில் மேடம், அவருக்குப் பின்னால் தொப்பி போட்ட இரண்டு பேர். எண்ணிப் பாருங்கள் எத்தனை கண் என்று. நான் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

செந்திலுக்கு அப்பா புத்தி. சங்கடம் என்றால் பொய்தான் முதலில் வரும். மேடத்திடம் இங்கிலீஷில் ஏதோ அடித்துவிட்டான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'ஓல்டு' என்றால் என்னவென்று தெரியும். தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் என்னவென்றும் தெரியும். எனக்குக் கண் புரை, அரைக் குருடு, பாதிக் குட்டி கண்ணில் பட்டிருக்காது என்கிறான்! மேடம் வேறு என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோலத் தலையாட்டினார்.

அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கிழவிக்குக் கண் தெரியவில்லை, குற்றம் கண்ணோடு போயிற்று. ஆனால் கல்யாணப் பந்தியில் கட்டின புருஷனையே பிடித்துக் கொடுத்தவள் நான்.

"யாருக்குடா புரை? ஊசியில நூல் கோத்துக் காட்டட்டுமா? பதினொண்ணும் இருக்கு! முதல் நாள்லேருந்து பதினொண்ணும் இருக்கு! நான்தான் குறைச்சுச் சொன்னேன்!"

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: பதினொன்று என்று இத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பதறிப்போய் மடிக்கணினி முன்னால் குனிந்து "தூ, தூ, தூ" என்று மூன்று தடவை துப்பினேன். மேடம் சட்டென்று பின்னால் சாய்ந்தார். தொப்பிக்காரர் ஒருவர் தன் கன்னத்தைத் துடைத்தே விட்டார்.

"அம்மா!" என்று செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டான். "மேடம் மேல துப்பிட்டியே!"

"மேடம் மேல இல்லடா, கண்ணு மேல."

அதே சமயம் டிவியில் தாய் நாய் வளைக்குள் போய் ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. மேடம் அவசரமாக ஏதோ சொன்னார். "எண்ணணுமாம். சத்தமா எண்ணணுமாம் மா" என்றாள் மௌஷுமி. அவளால் அந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வேலையும் அந்தக் கண்ணீரோடு வழிந்து போய்க்கொண்டிருந்தது. நான் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தேன்.

"லாபம்" என்றேன்.

"லாபமா?" என்றான் செந்தில்.

"முதல்ல எண்ணுறதை ஒண்ணுன்னா சொல்லுவாங்க? நெல்லு அளக்கிறவனைப் பார்த்ததில்லையா நீ? எழுதிக்கச் சொல்லு. லாபம். ரெண்டு..."

அவன் அதையும் மொழிபெயர்த்தான். குட்டிகளை நாங்கள் விற்கப்போகிறோமா என்று மேடம் கேட்டாராம். மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு தாய் புல்லுக்குள் மறையும், மறுபடி வரும். மாமன் வளை வாசலை விட்டு நகரவில்லை. எட்டாவது குட்டி வாயிலிருந்து நழுவி விழுந்தபோது ஷீலா துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு "ஏ மா!" என்றாள். பத்தாவதுக்குப் பிறகு தாய் வெகுநேரம் வரவில்லை. ஷீலா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வந்தது. உள்ளே போனது. இருப்பதிலேயே குண்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"பதினொண்ணு" என்றேன். வாட்ச்மேன் கை தட்டினான்.

புதருக்குள் இருந்த ஜோசப்பும் தன் பங்குக்குப் பதினொன்று எண்ணியதாக மேடத்துக்குச் செய்தி சொன்னார். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை மௌஷுமி அழுதுகொண்டே விளக்க, அது ஜோசப் வரை போனது. அவர் சிரித்தாராம். "எங்க வீட்டுல அம்மா மாட்டையே எண்ண விட மாட்டாங்க. எண்ணினா அடி விழும்" என்றாராம். அந்த நல்ல மனுஷனைத்தான் நான் பிள்ளை பிடிக்கிறவன் என்றேன்.

மௌஷுமியை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் நிரந்தரமும் செய்யவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றுவிட்டார்கள். நாய்கள் போன இடத்தைக் கண்டுபிடித்துக் கேமரா கட்டும்வரை அவள் தினமும் காலையில் வெறும் குழியைப் பார்த்தாள். ஒருநாள் ஒரு உடும்பு வந்தது. அதையும் எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் "மா, நீ ரசத்துல உப்பே போடல" என்றாள். நீ என்றதும் எனக்கு உயிர் வந்தது. மூன்று மாதம் கழித்து வேலையும் நிரந்தரமானது. அவர்கள் நிரப்பும் படிவத்தில் மட்டும் ஒரு கட்டம் புதிதாக வந்திருக்கிறது: எண்ணியவர் யார், அவர் சொன்னது உண்மையான எண்ணிக்கைதானா? மௌஷுமி அதைக் காட்டி, "உன் பேர்ல ஆப்பிரிக்காவுல ஒரு கட்டம் கட்டியிருக்காங்க மா" என்கிறாள்.

வீட்டில் அதற்குப் பிறகு என் எண்ணிக்கைக்கு மரியாதை போய்விட்டது. எத்தனை வடை சுட்டேன், எத்தனை மீன் துண்டு இருக்கிறது என்று நான் எதைச் சொன்னாலும், "நிஜக் கணக்கா, நாய்க் கணக்கா?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் என்னைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள் மௌஷுமி. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாஷிமா, ஒளிக்காமச் சொல்லுங்க. நேத்து எத்தனை சந்தேஷ் ஸ்வீட் சாப்பிட்டீங்க?"

"ரெண்டு" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டாக்டர் பாபு, எங்க மா சொல்றதோட அஞ்சு சேர்த்துக்கோங்க."

டாக்டர் ஏழு என்று எழுதிக்கொண்டார். அபாண்டம். அன்றைக்கு நான் சாப்பிட்டது வெறும் ஆறுதான்.